முப்பத்துநாலு பேர், இரண்டு கதவு

சி.வி. இரண்டு பக்கத்துக்கு மேல் போகக் கூடாது என்று விளம்பரத்தில் போட்டிருந்தார்கள். டிகிரிக்கு அரைப் பக்கத்துக்கு மேல் வரவில்லை.

பெயர், விலாசம், படிப்பு. அவ்வளவுதான். கீழே ஒன்றரைப் பக்கம் வெள்ளையாகப் பல்லைக் காட்டிக்கொண்டிருந்தது.

"எழுத்தைப் பெருசாக்கு," என்றார் மாமா, அவள் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்து.

"ஆக்கிட்டேன்."

"இன்னும் பெருசாக்கு."

"இதுக்கு மேல ஆக்கினா அது சி.வி. இல்ல மாமா, கடை போர்டு."

ஒட்டி ஒட்டிக் கட்டிய எட்டு வீட்டு லைனில் முதன்முதலாகக் காலேஜ் முடித்தவள் அவள்தான். பட்டம் வாங்கிய அன்றைக்கே பெற்றவர்கள் வைத்த பெயரை லைன் மறந்துவிட்டது. முதலில் பெருமையாகத்தான் டிகிரி என்று கூப்பிட்டார்கள். பதினாலு மாதம் வேலை கிடைக்காமல் வீட்டிலேயே கிடந்ததில் அதே பெயர் கிண்டலாகிவிட்டது. "டிகிரி, பாட்டில் மூடி தெறக்க மாட்டேங்குது, படிச்சவதானே, வா!"

இதுவரை பத்தொன்பது இடத்துக்குப் போட்டாயிற்று. எல்லாம் மாமா எங்கேயோ பிரதி எடுத்துக்கொண்டு வந்த மாதிரியைப் பார்த்து எழுதியது. 'கடின உழைப்பாளி. குழுவோடு இணைந்து செயல்படுபவர். அழுத்தமான சூழ்நிலையிலும் நிதானமாகப் பணியாற்றுபவர். பொழுதுபோக்கு: இசை கேட்டல்.' பதினெட்டுப் பேர் பதிலே போடவில்லை. ஒரே ஒருவர் போட்டார், புகைப்படம் தெளிவாக இல்லை என்று.

வேலைக்கு அனுபவம் வேண்டும். அனுபவத்துக்கு வேலை வேண்டும். இதைக் கண்டுபிடித்தவன் ஜென்மத்தில் வேலை தேடியிருக்க மாட்டான் என்று டிகிரி பல்லைக் கடித்தாள்.

"இது கடைசி," என்றாள் அம்மா, தையல் மெஷினிலிருந்து தலையைத் தூக்காமல். "இதுவும் வரலைன்னா அடுத்த மாசம் மொத திங்கக்கிழமை டைல்ஸ் கடை. மாமா பேசி வெச்சாச்சு."

"பில்லு போடற வேலைதான்," என்றார் மாமா. "ஃபேனுக்குக் கீழ சீட்டு."

மாமாவின் சிநேகிதர் கடை அது. அங்கே பில் போட டிகிரி எதற்கு என்று கேட்டதற்கு, "தப்பில்லாம கூட்டுவேல்ல," என்று பதில் சொல்லியிருந்தார். கூட்டலுக்காக அவள் பதினைந்து வருஷம் படித்திருக்கிறாள்.

விளம்பரத்தை மறுபடி வாசித்தாள். வெள்ளமோ சண்டையோ, எங்கே மனிதர்கள் வீடிழந்து முகாமில் அடைபட்டாலும் போய் நிற்கிற உலக நிறுவனம். பக்கத்து ஊரில் புதிதாகக் கிளை திறக்கிறார்கள். தண்ணீர், சுகாதாரப் பிரிவுக்குக் கள உதவியாளர் வேண்டும். அடியில் பொடி எழுத்தில் ஒரு குறிப்பு இருந்தது. 'கடின உழைப்பாளி என்று எழுத வேண்டாம். என்ன செய்தீர்கள், எத்தனை பேருக்குச் செய்தீர்கள், அதனால் என்ன மாறியது என்று எண்ணிக்கையோடு எழுதுங்கள். சம்பளம் வாங்காமல் செய்ததும் வேலைதான்.'

அந்த நேரம் பார்த்து வெளியே சண்டை.

"தோள்ல துண்டு போட்டு எவ்வளவு நேரமா நிக்கறேன்!" இது நாலாம் வீட்டு பஸ் கண்டக்டர்.

"துண்டு போட்டா எடம் பிடிச்சதா ஆயிடுமா? இது பஸ் சீட்டு இல்லண்ணே!" இது மூன்றாம் வீட்டு அக்கா.

டிகிரி எழுந்து வெளியே போனாள். "உங்க சீட்டு என்ன நம்பர்ண்ணே?"

"பதினொண்ணு."

"அக்காவுக்கு?"

"பத்து."

"பத்துக்கு முன்னாடி பதினொண்ணு வர்ற கணக்க எந்தப் பள்ளிக்கூடத்துலண்ணே படிச்சீங்க?"

கண்டக்டர் துண்டை உதறிக்கொண்டு ஒதுங்கினார். மொத்தம் அரை நிமிஷம்.

எட்டு வீட்டுக்கும் பொதுவாகப் பின்பக்கம் இரண்டு கழிப்பறை, ஒரு குழாய். உபயோகிப்பவர்கள் முப்பத்துநாலு பேர். டிகிரி பிளஸ் ஒன் சேர்ந்த வருஷம் அங்கே தினமும் காலை ஆறு மணிக்குப் போர் தொடங்கும், எட்டரைக்குத்தான் சமாதானம். முதல் பீரியடை நாலு நாள் தவறவிட்ட ஆத்திரத்தில் ஐந்தாம் நாள் அவள் பழைய காலண்டர் அட்டையை வெட்டிச் சீட்டுப் போட்டாள். ஒன்று முதல் முப்பத்துநாலு வரை. அவசரத்துக்கு மூன்று சீட்டு, நகப்பூச்சு தடவிச் சிவப்பாக. ஏழு மணி ஷிப்டுக்குப் போகிற நர்ஸுக்கு நிரந்தரமாக முதல் நம்பர். முழங்கால் மடங்காத பழைய தபால்காரருக்காக உள்ளே சுவரில் பிடித்துக்கொள்ள ஒரு குழாய்த்துண்டு. யார் என்றைக்குக் கழுவுவது என்று சுவரில் அட்டவணை. ஆறு வருஷமாக அது ஓடிக்கொண்டிருக்கிறது, அவளும் அதை ஒரு வேலையாக நினைத்ததில்லை.

திரும்பி வந்து நாற்காலியில் உட்காரப் போனவள் பாதியில் அப்படியே நின்றாள்.

பிறகு உட்கார்ந்து, ஒரே மூச்சில் எழுதினாள்.

'எட்டுக் குடும்பங்களைச் சேர்ந்த முப்பத்துநாலு பேர் பயன்படுத்தும் இரண்டு கழிப்பறைகளின் அன்றாட நிர்வாகம், ஆறு ஆண்டுகளாக. சராசரிக் காத்திருப்பு நேரம் இருபத்தாறு நிமிடத்திலிருந்து ஒன்பது நிமிடமாகக் குறைந்தது. வாரத்துக்குப் பதினொன்றாக இருந்த சண்டைகள் இரண்டாகக் குறைந்தன. அவசரச் சீட்டை முறைகேடாகப் பயன்படுத்திய ஒருவர் மூன்று முறை கண்டறியப்பட்டு, ஒரு வாரம் தண்ணீர்த் தொட்டி நிரப்பும் பணியில் அமர்த்தப்பட்டார்.'

சரியாக இரண்டு பக்கம் வந்தது. கடைசியில் பழக்கதோஷத்தில் மாமாவின் மாதிரியிலிருந்து ஒரு வரியைச் சேர்த்துவிட்டாள்: 'அழுத்தமான சூழ்நிலையிலும் நிதானமாகப் பணியாற்றுபவர்.' விசாரித்துக்கொள்ள மூன்று பேர் பெயர் கேட்டிருந்தார்கள். நர்ஸ், கண்டக்டர் என்று போட்டாள். மூன்றாவதாக லைனின் ஓனர் பெயரைப் போட்டு, பக்கத்தில் 'கட்டட நிர்வாகி' என்று எழுதினாள். அவர் இதுவரை நிர்வாகம் செய்தது வாடகையை மட்டும்தான். வேலிக்கு ஓணான் சாட்சி என்று நினைத்துக்கொண்டே அனுப்பிவிட்டாள்.

மூன்றாம் வாரம் செவ்வாய்க்கிழமை போன் வந்தது.

"உங்க சி.வி. பார்த்தோம். வியாழக்கிழமை காலைல ஏழரைக்கு எங்க ஆபீஸர் நேர்ல வருவாங்க. கூட்டமா இருக்கற நேரத்துலதான் பார்க்கணும்னு சொன்னாங்க."

டிகிரி குதித்த குதியில் மெஷின் நூல் அறுந்தது. என்ன ஏது என்று அம்மா கேட்க, மாமா சி.வி.யை வாங்கி உரக்கப் படித்தார். முதல் வரியிலேயே அம்மாவின் முகம் மாறியது.

"நிறுத்துடா. மறுபடி படி."

"'...பயன்படுத்தும் இரண்டு கழிப்பறைகளின்...'"

"கக்கூஸையா எழுதியிருக்கா?"

"ஆமாக்கா. ரெண்டு பக்கம். வேற ஒண்ணுமே இல்ல." மாமா மேலே படித்துவிட்டு நிமிர்ந்தார். "சிவப்புச் சீட்டுல மூணு தடவ மாட்டின ஆளு... இது யாரு?"

"பேரு போடலையே மாமா."

அம்மா தலையில் கையை வைத்துக்கொண்டாள். "ராவும் பகலும் மெஷின் மிதிச்சு உன்ன படிக்க வெச்சேன். நீ வெளிநாட்டுக்காரனுக்குக் கக்கூஸ் கணக்கு எழுதி அனுப்பியிருக்கே. நாளைக்கு நான் தெருவுல எப்படித் தலை காட்டறது?"

"அவங்களுக்கு வேண்டியதே அதாம்மா! போகாதவங்க யாராவது இருக்காங்களா?"

"போறது வேற. எழுதறது வேற."

இந்த வாக்குவாதம் முடிவதற்குள் ஓனர் ஓடி வந்தார். சட்டைப் பொத்தான் ஒன்று மாற்றி ஒன்று போட்டிருந்தது.

"எவனோ உலக ஆபீஸ்லேருந்து போன் பண்றான்! 'உங்க எடத்துல எத்தனை பேருக்கு எத்தனை கழிப்பறை'ங்கறான்! என் மேல கேஸ் போடப் போறாங்களா?"

"எனக்கு வேலை குடுக்க விசாரிக்கறாங்க சார்."

"வேலை குடுக்கறவன் கக்கூஸ எதுக்கும்மா எண்ணறான்?"

"நீங்க என்ன சொன்னீங்க?"

"வீட்டுக்கு ஒண்ணு இருக்குன்னு சொல்லிட்டேன்."

டிகிரிக்குக் கோபம் தலைக்கேறியது. "நான் ரெண்டுன்னு எழுதியிருக்கேன்! நீங்க எட்டுன்னா, பொய்காரி யாரு, நானா நீங்களா?"

"அதனாலதான் சொல்றேன், எட்டாக்கிடணும்," என்றார் ஓனர்.

இரண்டு நாளில் ஆறு கழிப்பறை கட்ட எந்தக் கொத்தனாரும் ஒப்புக்கொள்ளவில்லை. இருப்பதையாவது பளபளப்பாக்கலாம் என்று ஓனர் முடிவு செய்தார். மாமா தன் சிநேகிதர் கடையிலிருந்து உடனே டைல்ஸ் இறக்கினார். புதன்கிழமை மத்தியானம் முதல் கழிப்பறைக்குள் டைல்ஸ் ஒட்டினார்கள். மாலையில் கொத்தனார் கையைக் கழுவிக்கொண்டே சொன்னார்: "மூணு நாளைக்கு யாரும் கால் வெக்கக் கூடாது. பேர்ந்துடும்."

முப்பத்துநாலு பேருக்கு ஒரு கதவு.

"பரவால்ல, அவங்க இருக்கற நேரம் யாரும் பின்பக்கமே போகாதீங்க," என்றார் மாமா. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கும் பொறுப்பை அவர் முழுமனதாக ஏற்றுக்கொண்டிருந்தார். ஒவ்வொரு வீட்டின் உள்ளேயும் பின்சுவரில் ஒரு திரை கட்டினார். யாராவது கேட்டால், திரைக்குப் பின்னால் அட்டாச்டு பாத்ரூம். கண்டக்டர் வீட்டுத் திரைக்குப் பின்னால் சைக்கிள் இருந்தது. தபால்காரர் வீட்டில் வெறும் சுவர்.

அம்மா தன் பங்குக்கு அட்டவணையைக் கிழித்து, அந்த இடத்திலும் வாசல் சுவரிலும் சுண்ணாம்பு அடித்தாள். சீட்டுகளை அள்ளிக்கொண்டு போய் அரிசி டின்னுக்குள் புதைத்தாள்.

"அம்மா, அதுதான்மா என் அனுபவம்! அதப் பார்க்கத்தான் அவங்க வர்றாங்க!"

"நாளைக்கு நீ வாயத் தொறந்தே, அப்புறம் நான் உங்கம்மா இல்ல. பேசறதெல்லாம் மாமா பேசுவான். நீ பின்பக்கம் போயி, யாரும் வரிசையில நிக்காம பாத்துக்க. அதான் உன் வேலை."

ஆறு வருஷம் வரிசையை உண்டாக்கியவளுக்கு, வரிசையைக் கலைக்கிற உத்தியோகம்.

வியாழக்கிழமை ஏழு இருபத்தைந்துக்கு ஒரு ஜீப் வந்து நின்றது. முன்சீட்டிலிருந்து கண்ணாடி போட்ட ஒருவர் இறங்கினார். இஸ்திரி போட்ட முழுக்கைச் சட்டை, கையில் கனமான தோல் பை. ஸ்டியரிங்கை விட்டு இறங்கியவள் நாற்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண். பேன்ட், தூசி படிந்த ஷூ, விரலில் சுழலும் சாவி. இறங்கியதும் இடுப்பைப் பிடித்து நிமிர்ந்தாள்.

ஓனர் பாய்ந்து போய் அந்தப் பையை வாங்கினார். "சார், வாங்க சார், வாங்க!"

"இல்லீங்க, நான் வந்து..." என்றார் அவர்.

"நீங்க ஒண்ணும் சொல்ல வேணாம் சார். மொதல்ல டீ." ஓனர் தலையைத் திருப்பினார். "டிரைவரம்மா, நீங்க வண்டிகிட்டயே இருங்க."

அந்தப் பெண் வாயைத் திறந்தாள். ஓனரைப் பார்த்தாள், பளிச்சென்ற சுண்ணாம்பைப் பார்த்தாள், வாசலில் விறைப்பாக நின்ற மாமாவைப் பார்த்தாள். வாயை மூடிக்கொண்டு லேசாகச் சிரித்தாள்.

பின்பக்கம் டிகிரி பரிதாபமாக நின்றுகொண்டிருந்தாள். வரிசை இல்லைதான். ஆனால் எட்டுப் பேர் இருந்தார்கள். மூன்றாம் வீட்டு அக்கா காய்ந்துபோன தொட்டிச் செடிக்கு மூன்றாவது தடவையாகத் தண்ணீர் ஊற்றினாள். தபால்காரர் பேப்பரைத் தலைகீழாகப் பிடித்துப் படித்தார். கண்டக்டர் கதவுக்கும் குழாய்க்கும் நடுவே உலாத்திக்கொண்டிருந்தார். அவருடைய நடை போகப்போக வேகமாகியது.

"பாத்ரூம் எங்கங்க?" ஜீப் பெண் பின்னால் வந்து நின்றாள். "ரெண்டு மணி நேரமா வண்டியில உக்காந்திருக்கேன்."

டிகிரி வாயைத் திறப்பதற்குள் கதவு திறந்தது. உள்ளிருந்து ஆறாம் வீட்டுக்காரர் வெளியே வந்தார். எட்டுப் பேரும் ஒரே சமயத்தில் பாய்ந்தார்கள். பேப்பர் கிழிந்தது, செம்பு உருண்டது, கண்டக்டர் துண்டைக் கதவின் மேல் வீசினார்.

"துண்டு போட்டாச்சு!"

"மறுபடியும் துண்டா? இந்தா என் செம்பு!"

"முழங்கால் முடியாதவன்யா நான்! தள்ளாதீங்கய்யா!"

தபால்காரர் தடுமாறிச் சுவரைப் பிடித்தார். அவ்வளவுதான், டிகிரியின் பொறுமை அறுந்தது. விடுவிடுவென்று வீட்டுக்குள் போனாள். அங்கே டீ உபசாரத்தில் இருந்த யாரையும் ஏறெடுத்துப் பார்க்கவில்லை. அரிசி டின்னைக் கவிழ்த்தாள். அரிசி ஒரு பக்கம் சிதற, சீட்டுகளை மடியில் அள்ளிக்கொண்டு திரும்பினாள்.

"எல்லாரும் பின்னாடி போங்க! தாத்தா, நீங்க மொதல்ல, பிடிய பிடிச்சுக்கிட்டு மெதுவா உக்காருங்க. அக்கா, ரெண்டு. கண்டக்டரண்ணே, துண்டு வீசினதுக்காக உங்களுக்கு ஒன்பது."

"அநியாயம்!"

"பேசினா பத்து."

கண்டக்டர் ஒன்பதை வாங்கிக்கொண்டார். இரண்டு நிமிஷத்தில் அங்கே வரிசை நின்றது. டிகிரி ஒரு சிவப்புச் சீட்டை ஜீப் பெண்ணிடம் நீட்டினாள். "இந்தாங்க. தாத்தா வந்ததும் நீங்க போகலாம்."

"டிரைவருக்கு என்ன சலுகை?" என்றது ஒன்பது.

"அஞ்சாவது விதி. வெளியாளு, கர்ப்பிணி, வயித்துப்போக்கு, இவங்களுக்குச் சிவப்பு. அத எழுதும்போது நீங்களுந்தானே கை தூக்கினீங்க?"

அந்தப் பெண் சிவப்புச் சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுச் சட்டைப்பையில் போட்டாள். "நல்லாருக்கு. ஆனா எனக்கு அவ்வளவு அவசரமில்ல. சாதாரணச் சீட்டும் ஒண்ணு குடுங்க, வரிசையிலயே வர்றேன்." மீந்திருந்த எட்டாம் நம்பரை வாங்கிக்கொண்டு கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். நிற்கிற நேரத்துக்குப் பேச்சுத்துணைபோலக் கேட்டாள்: "சிவப்புச் சீட்ட யாரும் ஏமாத்த மாட்டாங்களா?"

"ஏமாத்துவாங்க. மூணு தடவ மாட்டினா ஒரு வாரம் தொட்டி ரொப்பணும்."

"யாரு மாட்டினது?"

"எங்க மாமா. உள்ள ஆபீஸருக்கு அட்டாச்டு காட்டிட்டிருக்காரே, அவருதான்."

"சொந்த மாமாவையா ரொப்ப விட்டீங்க?"

"அவர விட்டா மத்தவங்க எப்படிக் கேப்பாங்க?"

அந்தப் பெண் தலையாட்டினாள். "இவ்வளவு செஞ்சும் சரியா வராதது ஏதாவது இருக்கா?"

டிகிரி கொஞ்சம் தயங்கினாள். டிரைவர்தானே என்று பிறகு கொட்டினாள். "வெளக்கு. இங்க ஒரு பல்பு போடச் சொல்லி ஆறு வருஷமா ஓனர்கிட்ட மல்லுக்கட்டறேன். இருட்டினா பொண்ணுங்க தனியா வர பயப்படறோம், ரெண்டு ரெண்டு பேராத்தான் வர்றோம். அதுல மட்டும் நான் ஜெயிக்கல. சி.வி.யில அத எழுதல."

"ஏன்?"

"தோத்தத யாராவது எழுதுவாங்களா?"

"எழுதணும்." ஏதோ ரோட்டுப் பள்ளத்தைப் பற்றிச் சொல்வதுபோல் சொன்னாள். "சி.வி.யில பொய் ஏதாவது இருக்கா?"

"ஒண்ணு இருக்கு. நிதானமா வேலை செய்வேன்னு எழுதிட்டேன். எனக்கு மூக்குக்கு மேல கோவம் வரும்."

"அது தெரியுது," என்றாள் அவள்.

நம்பர்கள் நகர்ந்தன. எட்டு உள்ளே போனதும், டிகிரி ஜன்னல் வழியாக வீட்டுக்குள் எட்டிப் பார்த்தாள்.

உள்ளே ஃபேன் நின்றிருந்தது. மேஜையில் மூன்று வகை பிஸ்கட், இரண்டாவது டீ. ஆபீஸர் எழுந்திருக்கப் பார்ப்பதும் ஓனர் அவர் தோளை அழுத்தி உட்கார வைப்பதுமாக இருந்தது.

"இருங்க, நான் ஒரு வார்த்த சொல்லிடறேன்..." என்றார் அவர்.

"நாங்க சொல்றோம் சார், நீங்க எழுதிக்குங்க. வீட்டுக்கு ஒண்ணு. மொத்தம் எட்டு. வரிசைங்கற பேச்சே இங்க கெடையாது."

"அந்தப் பொண்ணு சின்னப் பொண்ணு சார்," என்றார் மாமா. "ஏதோ கற்பனையில எழுதிடுச்சு. அதுல வர்ற சிவப்புச் சீட்டு விவகாரமெல்லாம் சுத்தப் பொய்."

அம்மா தரையில் சிதறிய அரிசியைப் பார்த்துக்கொண்டே தலையாட்டினாள்.

ஆபீஸர் பெருமூச்சு விட்டு மேலே பார்த்தார். "மெயின் சுவிட்ச் எங்க இருக்கு?" என்று கேட்டுப் பையைத் திறந்தார். ஸ்டூல் மேல் ஏறினார். இரண்டு நிமிஷத்தில் ஃபேன் சுற்றியது.

"பெரிய மனுஷங்க எல்லாம் இப்படித்தான்," என்று ஓனர் மாமாவின் காதில் ஓதினார். "எவ்வளவு எளிமை பாத்தியா!"

ஜன்னலுக்கு வெளியே டிகிரியின் காதில் விழுந்தது ஒரே ஒரு சொல்தான். கற்பனை. ஆறு வருஷம். ஒவ்வொரு நாளும் விடியற்காலையில். கற்பனை!

வாசலில் கிடந்த செருப்புகளையெல்லாம் உதைத்துக்கொண்டு உள்ளே போனாள்.

"சார், எறங்குங்க."

ஸ்டூலில் நின்றவர் ஸ்க்ரூடிரைவரோடு இறங்கினார்.

"டிகிரி, வாய மூடு!" என்றாள் அம்மா.

"ஆறு வருஷமா தொறந்து வெச்சுத்தான்மா இந்த லைன் நாறாம இருக்கு." கண்டக்டர் வீட்டுப் பக்கம் கை நீட்டிக் காட்டினாள். "சார், அந்த அட்டாச்டுல சைக்கிள் நிக்குது. இந்த அட்டாச்டுல எங்கம்மா மெஷினோட பழைய சக்கரம் இருக்கு." சொந்த வீட்டுத் திரையைப் பிடித்து இழுத்தாள், கம்பியோடு வந்தது. "இங்க இருக்கறது ரெண்டு. அதுலயும் ஒண்ணுல நேத்துதான் டைல்ஸ் ஒட்டினாங்க, உங்களுக்காக. இன்னிக்கு முப்பத்துநாலு பேரும் ஒரே கதவுல நிக்கறோம், அதுவும் உங்களுக்காக. சி.வி.யில இருக்கற ஒவ்வொரு நம்பரும் நான் நின்னு எண்ணினது. அதுல ஒரே ஒரு பொய். நிதானமா இருப்பேன்னு எழுதினேன். இருக்க மாட்டேன். வேலை குடுக்காட்டி போங்க. ஆனா கற்பனைன்னு மட்டும் எழுதிட்டுப் போகாதீங்க!"

மடியிலிருந்த மிச்சச் சீட்டுகளை மேஜையில் கொட்டினாள். பிஸ்கட்டின் மேல் சில விழுந்தன.

ஓனர் முகத்தில் ஈயாடவில்லை. மாமா சீட்டுகளை வாரி ஒளிக்கப் பார்த்தார். அம்மா அவர் கையைத் தட்டிவிட்டாள். தட்டியது தன் கைதானா என்று அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது.

"அவ சொல்றது நெஜம் சார்," என்றாள் அம்மா. "நான்தான் அரிசிக்குள்ள ஒளிச்சு வெச்சேன். ரெண்டே ரெண்டுதான். அவ இல்லாட்டி நாங்க தெனம் அடிச்சுக்கிட்டுச் சாவோம்."

கண்ணாடிக்காரர் எதையோ சொல்ல மறுபடி வாயெடுத்தார். அதற்குள் வாசலில் குரல் கேட்டது.

"பதினேழு நிமிஷம்."

ஜீப் பெண் ஈரக் கையைக் கைக்குட்டையில் துடைத்துக்கொண்டே நின்றாள். "எட்டாம் நம்பருக்குப் பதினேழு நிமிஷம் ஆச்சு. ரெண்டு கதவும் தெறந்திருந்தா ஒன்பதுக்குள்ள வரும். கணக்கு சரியா இருக்கு." சட்டைப்பையிலிருந்து சிவப்புச் சீட்டை எடுத்துக் காட்டினாள். "இத நான் வெச்சுக்கறேன், முகாம்ல காட்டணும். நீங்க திங்கக்கிழமை காலைல எட்டு மணிக்கு வந்து சேர்ந்துடுங்க. அந்த நிதானம்ங்கற வரிய மட்டும் அடிச்சிட்டு, பல்பு கதைய எழுதிக் கொண்டாங்க."

ஓனர் விழுந்து விழுந்து சிரித்தார். மாமாவும் சேர்ந்துகொண்டார்.

"டிரைவரம்மா, நல்லா தமாஷ் பண்றீங்க," என்றார் மாமா, கண்ணைத் துடைத்தபடி. "வேலை குடுக்கறதா வேணாமான்னு ஐயா சொல்லணும். நீங்க போயி வண்டியத் திருப்பி நிறுத்துங்க."

டிகிரியும் அம்மாவும் ஐயாவைப் பார்த்தார்கள். அவர் ஸ்க்ரூடிரைவரைப் பைக்குள் போட்டார், கையிலிருந்த பிஸ்கட்டைத் தட்டிலேயே திருப்பி வைத்தார்.

"அரை மணி நேரமா அதத்தாங்க சொல்ல வர்றேன், நீங்க எங்க விட்டீங்க... நான் ஜெனரேட்டர் மெக்கானிக்குங்க, பஸ் ஸ்டாப்புல நின்னுக்கிட்டிருந்தேன், ஆபீஸரம்மாதான் போற வழின்னு வண்டியில ஏத்திக்கிட்டு வந்தாங்க!"